கண்ணாடியில் ஒட்டிய இரண்டு வெள்ளிப் பொட்டுகள்

பினாங்குத் தீவில் நாங்கள் தங்கியிருந்த விடுதி அறையின் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் மனைவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. துடைத்த கண்ணாடியைப் பார்த்து ஒருத்தி ஏன் அப்படி உட்கார வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு பீரோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும், வாசலில் செக்யூரிட்டி உங்கள் போனை வாங்கி, கேமரா மேல் சிவப்பாக வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. உள்ளே எதையும் படம் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பிறகு அதை யாரும் கேட்பதில்லை, பிய்த்துப் போட்டுவிடலாம். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வாசலில் நின்று பிய்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? பஸ்ஸில் உட்கார்ந்து பிய்த்து முன் சீட்டின் முதுகில் ஒட்டுவார்கள், இல்லாவிட்டால் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். படப்பையில் எங்கள் வீட்டில் அதைப் பிய்ப்பது என் வேலை. அவள் வந்து பையை வைத்ததும் மகள் போனுக்குத் தாவுவாள். நான் நகத்தால் இரண்டையும் பிய்த்து பீரோக் கண்ணாடியில் ஒட்டுவேன். அங்கே ஏற்கெனவே அவளுடைய ஸ்டிக்கர் பொட்டுகள் ஒரு வரிசை இருக்கும். அதற்குக் கீழே கம்பெனிப் பொட்டுகள் ஒரு வரிசை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வருபவள், முகமே தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சுரண்டுவாள். அன்று சாயங்காலமே நான் மறுபடி ஆரம்பிப்பேன். ஆறு வருடம் இப்படித்தான் போயிற்று.

அவள் வேலை பார்ப்பது போன் சார்ஜருக்கு சர்க்யூட் போர்டு செய்கிற கம்பெனியில். டிப்ளமோ முடித்து ஆபரேட்டராகச் சேர்ந்தவள், லைன் லீடர் வரை வந்துவிட்டாள். கம்பெனியின் பெரிய தொழிற்சாலை பினாங்கில் இருக்கிறது. அங்கே ஒரு புது டெஸ்டிங் லைனைக் கட்டிவைத்திருந்தார்கள். ஒரகடத்திலிருந்து ஒருவர் போய்ப் பத்து நாள் அதைத் தானே ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அது பெட்டி கட்டிக் கப்பலில் இங்கே வரும். கையெழுத்துப் போட்டவர்தான் அந்த லைனுக்கு இன்சார்ஜ். இதுவரை அப்படிப் போனவர்கள் எல்லோரும் ஆண்கள். முதல் முறையாக இவள் பெயரைப் போட்டார்கள். இவள் சரிப்படவில்லை என்றால், இன்னொரு ஷிப்ட்டில் ஒருவர் பாஸ்போர்ட்டும் கையுமாகத் தயாராக இருந்தார். இது கம்பெனி பஸ்ஸில் வருகிற அத்தனை பேருக்கும் தெரியும்.

நான் எதற்குப் போனேன் என்றால், உண்மையைச் சொல்கிறேன், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் போனேன். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தேன். லைனை வடக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஐந்து மாதமாக எனக்கு வேலை இல்லை. அவள் தனியாக விமானம் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. துணைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அவள் போய் மேனேஜரிடம் கேட்டாள். சொந்தச் செலவில் வந்தால் ஆட்சேபம் இல்லை, ஆனால் குடும்பத்தோடு ஒருவர் போவது இதுதான் முதல் தடவை, வேலைக்கு ஒரு சின்ன இடைஞ்சலும் வரக் கூடாது என்று அவர் சொன்னாராம். மகளைப் படப்பையிலேயே இருக்கும் என் மனைவியின் அக்கா வீட்டில் விட்டோம்.

கிளம்புவதற்கு முதல் நாள், அவள் லைனில் வேலை பார்க்கும் தென்காசிப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"நல்லபடியா போய்ட்டு வாங்கண்ணே. அடுத்த தடவ என் பேருதான் போடுவாங்களாம். நீங்க போய்ட்டு வந்துட்டா, எங்க வீட்டுக்காரரும் பிள்ளையத் தூக்கிட்டு கூட வந்துருவாரு."

எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. என்னவோ நான்தான் வழி திறந்துவிடப் போகிறவன் மாதிரி.

பினாங்கில் முதல் நாள் சாயங்காலமே எனக்குக் கோபம். விடுதி அறையில் அவளுக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தேன். அவள் ஏழு மணிக்கு வந்து, அங்கேயே எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டேன் என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விமான நிலையம் பக்கத்தில் இருந்ததால் இறங்குகிற விமானங்கள் தெரியும். அவள் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இங்கே ஸ்டிக்கர் வெள்ளி நிறமாம். அதில் நம்பர் இருக்கிறதாம். முதல் நாள் ஒட்டினால் கடைசி நாள் அவர்களே எடுக்கும்வரை அப்படியே இருக்க வேண்டுமாம். தினமும் காலையிலும் மாலையிலும் விளக்கடித்துப் பார்த்து, நம்பரை நோட்டில் சரிபார்க்கிறார்களாம். வெளியே எடுத்தால் அனுமதியை ரத்து செய்துவிடுவோம் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். அதை மட்டும் நான் தொட்டுவிடக் கூடாதாம். நான் "ம்" என்றேன். எந்த விமானம் சென்னையிலிருந்து வருவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து ஊர் சுற்றினேன். தீவு என்றால் எங்கே நின்றாலும் கடல் தெரியும் என்று நினைத்திருந்தேன். எங்கள் விடுதியைச் சுற்றி ஒரகடம்தான் தெரிந்தது. அதே நீளமான மதில்கள், அதே கம்பெனிப் பலகைகள், காலை ஏழு மணிக்கு அதே மாதிரி வரிசையாக வெள்ளை பஸ்கள், கழுத்தில் அட்டை தொங்கத் தூக்கக் கலக்கத்தோடு இறங்கும் பெண்கள். முக்காடு போட்டவர்கள், போடாதவர்கள். முகங்கள் வேறு, நடை ஒன்று. வாசலைப் பார்த்ததும் எல்லோருடைய நடையும் ஒரே மாதிரி வேகமெடுக்கிறது. இதைப் பார்க்கவா விமானம் ஏறி வந்தோம் என்று இருந்தது எனக்கு.

பஸ் பிடித்து ஒரு மணி நேரம் போனால் பழைய நகரம். படகுத்துறையில் பஸ் நின்றுவிடும். அங்கிருந்து கால் போன போக்கில் நடந்தேன். கடலுக்குள் கட்டை நட்டு, மேலே பலகை அடித்து, வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். வாசலில் சாமிக்கு ஊதுபத்தி, கீழே அலை. ஒரு கிழவர் பலகை இடுக்கு வழியாகத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி வந்தால் திடீரென்று தமிழ்க் கடைகள். பூ கட்டிக்கொண்டிருக்கிறார்கள், பாத்திரக் கடை வாசலில் சிலிண்டர் உயரத்துக்குப் பெட்டி வைத்துப் பாட்டுப் போடுகிறார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் இறங்கின மாதிரி இருந்தது. டீயைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டித் தந்தான் ஒருவன். நம் ஊரிலும் பார்சல் டீ அப்படித்தான், ஆனால் இவர்கள் அதில் உறிஞ்சுகுழல் போட்டு நடந்துகொண்டே குடிக்கிறார்கள். நானும் குடித்தேன். வாய் வெந்துவிட்டது. பார்த்துச் சிரிக்க அவள் பக்கத்தில் இல்லையே என்று மேலும் கோபம் வந்தது.

தினமும் மூன்று மணிக்கு மழை கொட்டும். கடை நடைபாதையில் ஒதுங்கி நிற்பேன். எல்லோரும் ஏதோ வேலையாகப் போகிறவர்கள். நான் ஒருவன்தான் மழை விட்டாலும் போக இடம் இல்லாமல் நிற்பவன். அறைக்குத் திரும்பினால் நடைகூடத்தில் அறை சுத்தம் செய்கிற அம்மா இருப்பார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் அம்மா, ஐம்பது வயது இருக்கும். காலையில் பார்த்தால், "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்பார். பசி ஆறிவிட்டதா என்று என்னை யாரும் அப்படி அழகாகக் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைக் கடந்து நடப்பேன்.

சனிக்கிழமை அவள் ஆறு மணிக்கே வந்துவிட்டாள். லைனில் எல்லா ஸ்டேஷனும், அதாவது சோதிக்கிற மேடைகள் எல்லாம், ஓடியாயிற்று, ஒன்றில் மட்டும் தகராறு, திங்கட்கிழமை அதைப் பார்த்துவிட்டால் முடிந்தது என்றாள். சொல்லிக்கொண்டே படுத்தவள் தூங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நாளைக்கு இரண்டு பேரும் படகில் போகலாம் என்று பேசி வைத்திருந்தோம். ஏழு மணி வாக்கில் அவள் போன் அடித்தது. மகள். படப்பையில் அப்போது நாலரை மணி, சனிக்கிழமையும் இருந்த பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கிறாள். என் போன் ஊர் சுற்றிச் செத்துப்போய் சார்ஜில் கிடந்தது. அவள் எழுந்துவிடக் கூடாதே என்று அவசரமாக எடுத்தேன்.

"அப்பா, கறுப்பா கீது. ஒண்ணுமே தெரில."

நகம் தானாகப் போய்விட்டது. ஆறு வருடப் பழக்கம். முன்பக்கம் பிய்த்தேன். விமானம் இறங்குவதைக் காட்டு என்றாள், பின்பக்கமும் பிய்த்தேன். சாதாரணமாக உரியவில்லை. கேமராக் கண்ணாடியில் வெள்ளையாகச் சின்னச் சின்ன எழுத்துகள் ஒட்டிக்கொண்டு நின்றன. மட்டமான பசை போலிருக்கிறது என்று நினைத்தேன். சுரண்டி, லுங்கி நுனியால் துடைத்தேன். மகள் விமானத்தைப் பார்த்தாள், தூங்குகிற அம்மாவைப் பார்த்தாள். அவள் போனை வைத்ததும், சார்ஜ் போடுகிற இடத்துக்கு மேலே இருந்த நீளக் கண்ணாடியின் மூலையில் இரண்டு ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு டி.வி. பார்க்க உட்கார்ந்தேன். ஒரு நிமிடம்கூட மனசு உறுத்தவில்லை.

ஞாயிறு காலை அவள் குளியலறைக் கண்ணாடியிலேயே பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவளை அப்படி இலேசாகப் பார்த்து எத்தனையோ நாள் ஆயிற்று. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தொழிற்சாலையாகக் காட்டி, இது இன்னது செய்கிறது, அது இன்னது செய்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். படகுத்துறையில் அக்கரைக்குப் போகும் படகில் ஏறினோம். பாதிக் கடலில் காற்று அடித்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் என் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினேன். முகம் கலங்கலாக விழுந்திருந்தது.

"என் போன்ல நல்லா வரும்ங்க. ஆனா இத வெச்சுகினு இன்னா பண்றது" என்று சிரித்துக்கொண்டே பையிலிருந்து தன் போனை எடுத்து எனக்குத் திருப்பிக் காட்டினாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. போனை முன்னும் பின்னும் திருப்பினாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"ரூம்லதான் கீது" என்றேன் நான். "கண்ணாடில ஒட்டிகீறேன். நேத்து பாப்பா பேசுச்சு. போய் திரும்ப ஒட்டிக்கலாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான், முதல் நாள் என் முதுகுக்குப் பின்னால் அவள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக எனக்குக் காதில் விழுந்தது. வெள்ளி நிறம். நம்பர். கையெழுத்து. படகு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுக்கடலில் நிறுத்து, திருப்பு என்று யாரிடம் சொல்வது? அக்கரையில் இறங்கி, அங்கேயே வரிசையில் நின்று, அடுத்த படகில் இந்தக் கரைக்கு வந்தோம். பஸ் ஒரு மணி நேரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறும்போது எனக்கு அவர்களைத் தள்ளிவிடலாம் போலிருந்தது.

அறைக் கதவைத் திறந்தபோது கண்ணாடி துடைத்திருந்தது.

நான் படிக்கட்டில் ஓடினேன். அந்த அம்மா கீழே துணி மடிக்கும் அறையில் இருந்தார், வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூலையில் இரண்டு வெள்ளி ஸ்டிக்கர் என்று மூச்சிரைக்கக் கேட்டேன். அவர் முகம் மாறியது.

"ஏதோ பழத்துல இருந்த ஸ்டிக்கர்னு நெனச்சேன் தம்பி. கண்ணாடில ஒரு கறை இருக்கக் கூடாது. சூப்பர்வைசர் விரல வெச்சுப் பாப்பாங்க."

அவர் மேல் எனக்கு என்ன கோபம் வர முடியும்? அவர் லைனுக்கு அவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். எங்கள் மாடியின் குப்பை இரண்டு கறுப்புப் பைகளில் இருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கொட்டிக் கிளறினோம். பல் துலக்கும் பிரஷ், பழத்தோல், ஈரத் தாள். யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்த சோறு என் முழங்கை வரை அப்பியது. அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு ஈரத் தாளில் ஒட்டிக்கொண்டு சுருண்டிருந்த ஒரு ஸ்டிக்கர் கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை. கிடைத்த ஒன்றைக் கையில் பிடித்தபடி, ஏதோ குழந்தையைக் கிணற்றிலிருந்து எடுத்தவன் மாதிரி மாடிக்கு ஓடினேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்து எனக்கும் காட்டினாள். வெள்ளியின் மேல் குறுக்காக எழுத்துகள் வெளியே வந்திருந்தன. ஒருமுறை உரித்தால் உரித்தது தெரியும்படி செய்த ஸ்டிக்கர். நான் லுங்கியால் துடைத்தது அதன் மறுபாதியைத்தான். திரும்ப ஒட்டுவது என்கிற பேச்சுக்கே இடமில்லை.

அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் யோசனை சொல்ல ஆரம்பித்தேன். போன் தொலைந்துவிட்டது என்று சொல், கடலில் விழுந்துவிட்டது என்று சொல், போனையே எடுத்துப் போகாதே. எல்லாவற்றுக்கும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நோட்டில் நம்பர் இருக்கிறது, போன் வராவிட்டால் அதைவிட மோசம் என்றாள். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், அது என் பிறவிக் குணம். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு இவ்வளவு அழிச்சாட்டியமா என்று ஆரம்பித்தேன். பெரிய வேலை, பெரிய கம்பெனி என்றேன். உன் பின்னால் நாய் மாதிரி இந்த ஊரில் ஒரு வாரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேனே, அது உன் கண்ணுக்குத் தெரிகிறதா என்றேன்.

அவள் எப்போதும் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வாள். எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருடத்தில் 'நீ' என்றது இரண்டு மூன்று தடவை இருக்கும்.

"அஞ்சு மாசம் நீ வூட்ல இருந்த. நான் ஒரு வார்த்த கேட்டனா? இந்தப் பத்து நாளு, இது ஒண்ணுதான் உன்ன கேட்டேன். அதுக்கும் நீ மூஞ்ச திருப்பிகினு இருந்த."

மூன்று மணி மழை ஜன்னலில் அடித்தது. அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கிடைத்த ஸ்டிக்கரை அதன் நடுவில் ஒட்டி, நான்காக மடிக்காமல் ஒரு கோப்பில் வைத்தாள். நாளைக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றாள். நான் வந்து நான்தான் செய்தேன் என்று சொல்கிறேன் என்றேன். அவள் கோப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

திங்கட்கிழமை காலை அவளோடு வாசல் வரை போனேன். காவல் மேசையில் நேபாளத்துக்காரர் போல் ஒருவர் இருந்தார். மனசுக்குள் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போனையும் கோப்பையும் மேசையில் வைத்துவிட்டாள். சனிக்கிழமை நான் தவறுதலாக இதை எடுத்துவிட்டேன், இன்னொன்று தொலைந்துவிட்டது என்று நிதானமாகச் சொன்னாள். நான் எடுத்துவிட்டேன். அவள் சொன்ன 'நான்' அவள்தான். நான் பேச ஒரு அடி முன்னால் போனேன். திரும்பாமலே இடது கையால் என் சட்டையைப் பிடித்து, அழுத்தி, விட்டாள். காவலர் தொலைபேசியை எடுத்தார். இரண்டு பேர் வந்து அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

எதிர்ப்பக்கம் ஒரு பெரிய மரத்தடியில் ஒரு மலாய்க்கார அம்மா பலகாரக் கடை போட்டிருந்தார். அங்கே போய் நின்றேன். ஒரகடத்தில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் கேட்டுக்கு எதிரே பைக்கைப் போட்டுக்கொண்டு புருஷன்மார்கள் நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். அது பத்து நிமிடக் காத்திருப்பு. இது காலை ஏழு மணியிலிருந்து. அவளிடம் போன் இல்லை. உள்ளே லைனில் நிற்கிறாளா, ஏதாவது அறையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்களா, பின்வாசல் வழியாக விடுதிக்கு அனுப்பிவிட்டார்களா, தெரிந்துகொள்ள வழியில்லை. விடுதிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்புவேன், அந்த நேரம் பார்த்து வெளியே வந்துவிட்டால் என்று திரும்ப வந்து நிற்பேன். கடைசிக் கட்டத்தைப் பார்க்க ஞாயிறு இரவுதான் ஒரகடத்திலிருந்து வந்திறங்கியிருந்த அவள் மேனேஜர் பத்து மணிக்கு வெளியே வந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு மதிலோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஒரு கட்டத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். என்னை அடையாளம் தெரிந்தது, தெரிந்தும் திரும்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஊரில் அந்த இன்னொருவரின் பாஸ்போர்ட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். மழை வந்தது, விட்டது. கடைக்கார அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலியைத் தள்ளினார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பேச்சில் மட்டும் வீரனாக இருந்த எத்தனையோ நாள் அன்றைக்கு ஞாபகம் வந்தது, ஒன்றுக்கும் உதவவில்லை.

ஆறு மணிக்கு ஷிப்ட் விட்டார்கள். அட்டை தொங்கும் நூறு பேருக்கு நடுவில் அவள் வந்தாள். முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சாலையைக் கடந்து வந்து, கடைக்கார அம்மாவிடம் விரலால் காட்டி ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினாள். பதினொரு மணி வரை தனி அறையில் உட்கார்த்தி வைத்தார்களாம். போனில் இருந்த படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்களாம். மகளின் படங்களும், கிளம்பும்போது சென்னையில் எடுத்த விமானமும்தான் இருந்தன. விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறைக்காமல் நீயே கொண்டுவந்து கொடுத்ததால் விடுகிறோம் என்று அங்கே பெரியவர் ஒருவர் சொன்னாராம். போனைக் கடைசி நாள்தான் தருவார்கள். தகராறு செய்த ஸ்டேஷன் நாலு மணிக்குச் சரியாகிவிட்டது.

ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் எடுத்தேன்னா அது கவனக்குறைவு. வூட்டுக்காரர் எடுத்தார்னா, உள்ள வந்துட்டுப் போற போனு வெளியாள் கையில கீதுன்னு ஆவும். அதுக்கு நிரப்புற பாரமே வேற, கேசும் வேற."

இதை அவள் அந்த மத்தியானமே யோசித்து வைத்திருந்திருக்கிறாள், நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில். என் சட்டையைப் பிடித்த கை ஞாபகம் வந்தது. அவள் கையிலிருந்து காலி டம்ளரை வாங்கிக் கடைக்கார அம்மாவிடம் கொடுத்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

பத்தாம் நாள் அவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டு மாதத்தில் லைன் பெட்டி பெட்டியாக ஒரகடத்துக்கு வந்தது. அவள்தான் இன்சார்ஜ். எனக்கும் அங்கேயே ஒரு கிடங்கில் காண்டிராக்ட் வேலை கிடைத்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் குடும்பத்தோடு வந்தவரிடம்தான் இந்தத் தவறு நடந்தது என்று பினாங்கிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. வெளிநாடு போகிறவர்கள் நிரப்பும் பாரத்தில் புதிதாக ஒரு வரி ஏறியது: குடும்பத்தினர் யாரும் உடன் வரக் கூடாது. அடுத்த முறை அந்தத் தென்காசிப் பெண்ணின் பெயரைத்தான் போட்டார்கள். பால்குடி மறக்காத குழந்தையை விட்டுவிட்டுப் பத்து நாள் போக அவளால் முடியவில்லை. போக முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பாஸ்போர்ட்டோடு காத்திருந்தவர் போய்விட்டு வந்தார், இப்போது அவர்தான் இன்னொரு லைனுக்கு இன்சார்ஜ். லைனில் பெண்கள் பேசிக்கொண்டார்களாம், அக்கா ஒரு ஸ்டிக்கரை ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தால் இந்த வரி வந்திருக்காது என்று. என் மனைவி இதை எனக்குச் சொல்லவில்லை. கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவன் சொல்லி எனக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் அவள் சிவப்பு ஸ்டிக்கரைக் கம்பெனி வாசலிலேயே நின்று பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். எங்கள் பீரோக் கண்ணாடியில் முகம் நன்றாகத் தெரிகிறது.

போன வாரம் காலை படப்பை பஸ் ஸ்டாப்பில் அந்தத் தென்காசிப் பெண் நின்றிருந்தாள். கடைசி நிமிடம் வரை அவள் குழந்தையைப் பார்க்கட்டும் என்று அவள் கணவன் தினமும் தூக்கிக்கொண்டு கூடவே வருவான். கொஞ்சம் தள்ளி நின்று பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். அன்று என் மனைவிக்கு வேறு ஷிப்ட். நான் போய், அந்த ஸ்டிக்கரைப் பிய்த்தது நான்தான், அவள் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். எதையோ இறக்கி வைத்த மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப சொல்லி என்னண்ணே செய்ய? பாரத்துல ஏறுன வரி எறங்கவா போவுது?"

கம்பெனி பஸ் வந்தது. அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். பஸ் போன பிறகு அவள் கணவன் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டச் சொன்னான். அவனுக்கு இன்னும் தெரியாது.